என் கேஸ்கெட்டும் மிஸ்ஸோட ரிசர்ச்சும்

நேத்து தென்னூர்ல ஒரு செமினார் ஹால்ல, நான் பதினெட்டு வயசுல எழுதின எழுத்தைப் பெரிய ஸ்கிரீன்ல பார்த்தேன்.

ஆமாங்க, என் கையால எழுதினது. இங்கிலீஷ் 'ஜி' எழுத்தோட வாலை நான் சுருட்டி விடுற மாதிரி ஊர்ல வேற யாரும் சுருட்ட மாட்டாங்க.

இங்கிலீஷ் டீச்சிங்ல டிஜிட்டல் டூல்ஸும் வொகாபுலரி ரிசர்ச்சும்னு வாசல்ல பேனர். எங்க மருமக இங்கிலீஷ் லெக்சரர். வாங்க அத்தை, சாப்பாடு நல்லா இருக்கும்னு கூட்டிட்டுப் போனா. (சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.)

சீஃப் கெஸ்ட் மேடை ஏறினதும் அடையாளம் தெரிஞ்சுது. காலேஜ்ல எனக்கு இங்கிலீஷ் எடுத்த மிஸ். தலை நரைச்சிருக்கு, குரல் அப்படியே இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போகணும்.

1983. ஸ்ரீரங்கத்துலேருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சு திருச்சியில காலேஜுக்குப் போவேன். எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க. படிச்சது தமிழ் மீடியம். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர்.

நான் கேட்டது இங்கிலீஷ் மெயின். கொடுத்தது ஹிஸ்டரி. மிஸ்ஸோட 'ஏ பேட்ச்'ல வந்துட்டா முதல் மாசத்துக்குள்ள மெயின் மாத்திக்கலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எனக்கு அது ஒண்ணுதான் வேணும். சாமிகிட்ட கூட வேற எதுவும் கேக்கல.

மிஸ் அப்போ எம்.ஃபில் பண்ணிட்டு இருந்தாங்க. அதுவும் வொகாபுலரியிலதான்.

அன்னைக்கு டிஜிட்டலாவது ஒண்ணாவது. மொத்த டெக்னாலஜியும் ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். அதுக்கு வெல்வெட் உறை, மேல சந்தனப் பொட்டு. ஏ பேட்ச் மட்டும் ஹெட்ஃபோன் மாட்டிக் கேக்கலாம். பி பேட்ச் பக்கத்துலயே போகக் கூடாது. (நாங்க தொட்டா அது தமிழ் பேச ஆரம்பிச்சிடும்னு பயம் போல.)

யாரு 'ஏ', யாரு 'பி'ன்னு பிரிக்க ஒரு டெஸ்ட். பத்து நிமிஷம். தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் எழுதணும்.

நான் எழுதித் தள்ளினேன். கேஸ்கெட், பிஸ்டன், ஸ்பேனர், பேரிங், வால்வ், லீவர், ஆக்ஸில், ஷண்டிங், ஓவர்டைம், சஸ்பென்ஷன். எங்க வீட்டுல தினமும் சோத்தோட சேர்த்து சாப்பிடுற வார்த்தைங்க. கை வலிக்க வலிக்க எழுதினேன். ஏ பேட்ச் கிடைச்சாச்சுன்னே நினைச்சுட்டேன்.

மிஸ்கிட்ட வெளிநாட்டுலேருந்து வந்த ஒரு லிஸ்ட் இருந்துச்சு. அதுல இருந்தா மார்க், இல்லன்னா சிவப்புக் கோடு. லிஸ்ட்ல சிம்னி இருந்துச்சு, பனி பொம்மை இருந்துச்சு, வாத்துக் குட்டி இருந்துச்சு. திருச்சி வெயில்ல பனி பொம்மை!

என் பேப்பர் முழுக்க சிவப்பு. பி பேட்ச்.

பயந்துகிட்டே போய்க் கேட்டேன். "மிஸ், கேஸ்கெட் இங்கிலீஷ் இல்லையா?"

"அது ஒர்க்‌ஷாப் பாஷை. உங்கப்பா பேசுறதெல்லாம் இங்கிலீஷ் ஆயிடாதும்மா."

பக்கத்துல நாலஞ்சு பேர் சிரிச்சாங்க. எனக்கு அழுகை வந்துச்சு, அதைவிட அதிகமா கோவம் வந்துச்சு.

அதோட விட்டாங்களா? சிவப்புல அடிச்ச வார்த்தைங்களை எல்லாம் ஆளுக்கு ஆள் தனித்தனி அட்டையில எழுதிக் கொடுக்கணும், ஒரு அட்டைக்கு ஒரு வார்த்தை. இனிமே இந்த மாதிரி எழுதக் கூடாதுன்னு மனசுல பதியணுமாம். நாங்க எழுதிக் கொடுத்தோம். மிஸ் அதை ஒரு செருப்பு டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போனாங்க.

பேப்பர்ல வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அப்பா ரொம்ப நேரம் பார்த்தாரு. இதுல எதும்மா தப்புன்னு கேட்டாரு. எல்லாமேன்னு சொன்னேன்.

"வெள்ளைக்காரன் மெஷின்லயே அச்சடிச்சு அனுப்பின பேரும்மா இதெல்லாம்."

அவ்வளவுதான் சொன்னாரு. அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல நிதானமா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு. மறுநாள் மிஸ் ஒரு பார்வை பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. மெயின் மாத்துறது நடக்கல. ஹிஸ்டரி படிச்சேன், ஹிஸ்டரி டீச்சராவே ரிட்டயர் ஆனேன்.

இப்ப நேத்துக்கு வாங்க.

ஸ்கிரீன்ல அதே அட்டை. கேஸ்கெட். சுருட்டின வாலோட என் 'ஜி'. அடுத்து பிஸ்டன். அடுத்து ஷண்டிங்.

மிஸ் பேசுறாங்க: தொழிலாளர் வீட்டுப் பிள்ளைங்க மனசுக்குள்ள எவ்வளவு இங்கிலீஷ் இருந்துச்சுன்னு நான் அன்னைக்கே கண்டுபிடிச்சேன், ஒவ்வொண்ணா ஆசையா சேகரிச்சேன்னு. அப்போ யாருக்குமே புரியலையாம். இப்ப எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல ஏத்திட்டாங்களாம். ஹால் முழுக்க கைத்தட்டல். என் மருமகளும் தட்டுறா!

டீ பிரேக்ல கிட்ட போனேன். அந்த அட்டை நான் எழுதினது மிஸ்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரொம்ப சந்தோஷம், நீங்க இங்கிலீஷ் மெயினான்னு கேட்டாங்க.

"இல்ல மிஸ், ஹிஸ்டரி."

"அடடா, இவ்வளவு வொகாபுலரி வச்சுக்கிட்டு இங்கிலீஷ் எடுக்காம விட்டுட்டீங்களே."

டீயைக் கீழ வச்சுட்டு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்.

ஹிஸ்டரி படிச்சதுல ஒரு நல்லது இருக்கு மிஸ். எந்த டாக்குமெண்டையும் தூக்கிப் போட மாட்டோம். அந்த டெஸ்ட் பேப்பர் போட்டோ இந்தப் போஸ்ட்டோட முதல் கமெண்ட்ல இருக்கு. உங்க சாஃப்ட்வேர்ல இதையும் ஏத்திடுங்க.

சிவப்பு இங்க் உங்களோடது. கீழ இருக்கிற கையெழுத்து எங்கப்பாவோடது.