ஓட்டக்காரன்கள் மூழ்கிய மடு

எங்கள் சித்தப்பாவிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். பதில் பிழையாக இருக்கலாம், ஆனால் அதைச் சொல்கிற தோரணையில் ஒரு குறையும் இருக்காது. மழை வருமா, இந்தியா ஜெயிக்குமா, பக்கத்து வீட்டு மாடு ஏன் பால் தரவில்லை, எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு இருந்தது. அப்பாவே அவரோடு வாதாடிக் களைத்துப்போய்க் கடைசியில் பேப்பரை விரித்துக்கொள்வார்.

அவர் அப்பாவின் தம்பி. மாத்தளைப் பக்கம் உக்குவளையில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, த்ரீவீல் ஆட்டோக்கள் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளையும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். தாயில்லாமல் வளர்ந்த அவருக்கு வயிறாரச் சோறு போட்டது அம்மாதான் என்பதால், உலகத்தில் அவர் எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் அம்மா.

வீட்டுக்குப் பின்னால் இறங்கினால் சுது கங்கை. வெயில் காலத்தில் ஆறு இளைத்து அக்கரைப் பக்கமாக ஒதுங்கிவிடும். எங்கள் கரையில் பாறைகளுக்கு இடையே ஒரு மடு மட்டும் அசையாமல் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அங்கேதான் இருப்பேன்.

அந்த மடுவில் நீண்ட கால்களை விரித்துக்கொண்டு தண்ணீர்மேல் நடக்கிற பூச்சிகள் இருந்தன. கால் நனையாது, மூழ்காது, தரையில் ஓடுவதுபோல் ஓடும். நான் அவற்றுக்கு ஓட்டக்காரன் என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு எறும்பைத் தண்ணீரில் போட்டால் எல்லாம் அதை நோக்கிப் பாயும். ஒரு கால் முறிந்த ஓட்டக்காரன் ஒன்று இருந்தது. அது ஜெயிக்கிற நாளில் எனக்கும் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும். மடுவின் அடியில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறத்தில் சில பூச்சிகள் கிடக்கும். அசிங்கமாக இருந்ததால் நான் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. அவைதான் பிறகு செடித் தண்டில் ஏறி, தோல் உரித்து, தும்பியாகப் பறக்கின்றன என்பதும், தண்ணீருக்குள் இருக்கும் வரை நுளம்புக் குஞ்சுகளான கொசுப்புழுக்களைத் தின்றே வளர்கின்றன என்பதும் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டவை.

அந்த வருடம் அம்மாவின் வயிற்றில் பாப்பா இருந்தது. ஊரில் டெங்கு பரவியது. நுளம்பு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அது பொல்லாதது என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து, தேங்காய்ச் சிரட்டை, தயிர்ச் சட்டி, டயர், எதிலும் மழைத் தண்ணீர் நிற்க விடவேண்டாம் என்றார். சித்தப்பா அன்றே அம்மாவின் பூச்சாடித் தட்டுகளையெல்லாம் கவிழ்த்துப் போட்டார். கொட்டகைக்குப் பின்னால் மலைபோல் குவிந்திருந்த தன்னுடைய டயர்களை மட்டும் தொடவில்லை.

"இம்மாம் பெரிய ஆத்தப் பக்கத்துல வச்சிக்கிட்டு, இவரு டயரப் பத்திப் பேசுறாரு" என்று சிரித்தார்.

அவர் வேறொன்று யோசித்திருந்தார். தாத்தா வேலை பார்த்த தோட்டத்தில் மலேரியா இருந்த காலத்தில், ஆற்றில் தேங்குகிற மடுக்களில் ஆட்கள் நுளம்புக் குஞ்சுகள் சாகத் தகரம் தகரமாக எண்ணெய் ஊற்றிக்கொண்டு போவார்களாம். தாத்தா சொன்ன கதை. மறுநாள் மாலை, வண்டிகளிலிருந்து வடித்துச் சேர்த்துவைத்திருந்த கறுத்த என்ஜின் ஒயில் கேன்களைத் தூக்கிக்கொண்டு மடுவுக்கு இறங்கினார்.

"ஆத்துல எதுக்கு தம்பி அத ஊத்துறீங்க?" என்று அம்மா பின்வாசலில் நின்று கேட்டார்.

"எல்லாம் ஒங்களுக்குத்தான் அண்ணி. இனி ஜன்னலத் தொறந்து வச்சிட்டே படுங்க."

ஒயில் தண்ணீர்மேல் மெல்லப் படர்ந்தது. வெயில் பட்டு நீலமும் ஊதாவுமாக மின்னியது. நான் கைதட்டினேன் என்றுதான் நினைவு. அப்புறம் ஓட்டக்காரன்களைப் பார்த்தேன். முதலில் அவற்றின் கால்கள் வழுக்கின. பிறகு, ஒருநாளும் நனையாத அந்தக் கால்கள் தண்ணீருக்குள் இறங்கின. கால் முறிந்த ஓட்டக்காரன் பாறைப் பக்கம் வந்துவிட்டது, ஆனால் ஏறவில்லை. நான் ஓவென்று அழத் தொடங்கினேன்.

"அழாத புள்ள. ஒனக்குப் பூச்சி முக்கியமா, பாப்பா முக்கியமா?"

பாப்பாதான் என்றேன். பாப்பாவுக்காக ஏதோ பெரிய தியாகம் செய்த மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு ஏறினேன்.

அடுத்த நாட்களில் அந்தப் பழுப்புப் பூச்சிகள் செத்து ஓரத்தில் ஒதுங்கின. தும்பிகள் மட்டும் வழக்கம்போல முட்டையிட வந்தன. ஒயில் படிந்த மடு அவற்றின் கண்ணுக்கு நல்ல தண்ணீரைவிடப் பளபளப்பாகத் தெரியுமாம். வாலை அதில் தொட்டுத் தொட்டு எடுத்தன. சில எழும்ப முடியாமல் அதிலேயே ஒட்டிக்கொண்டன. இன்றைக்கும் எங்காவது ரோட்டில் ஒயில் சிந்தி நிறம் காட்டினால், என்னால் அதை அழகு என்று பார்க்க முடிவதில்லை.

பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா கடை வேலையை விட்டுவிட்டு மாத்தளை ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். அம்மா பிழைத்துக்கொண்டார். பாப்பா பிழைக்கவில்லை.

அம்மா திரும்புவதற்குள் சுகாதாரப் பரிசோதகர் மறுபடியும் வந்தார். சிங்களவர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நேராகக் கொட்டகைக்குப் பின்னால் போய் டயர்களுக்குள் டார்ச் அடித்தார். இடையில் பெய்த மழைத் தண்ணீர் உள்ளே தெளிவாக நின்றது. அதில் குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. அவர் சத்தம் போடவில்லை. மடுவைப் பார்த்தார், மறுபடி சித்தப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, டெங்கு நுளம்புக்கு ஆறு தேவையில்ல. இந்தத் தண்ணி போதும். ஆத்துலன்னா அதத் தின்ன பூச்சி இருக்கு. இதுக்குள்ள என்ன இருக்கு?"

சித்தப்பா குனிந்து டயரைச் சரித்து, உள்ளே நின்ற தண்ணீரைக் கொட்டத் தொடங்கினார். டயருக்குத் திட்டு வாங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா சாப்பிட வரவில்லை. அம்மா என் கையில் சோற்றுத் தட்டைக் கொடுத்து, "சித்தப்பாவுக்குக் குடுத்துட்டு வா" என்றார். அவர் கொட்டகையில் இல்லை. மடுவில், முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, சிரட்டையால் ஒயிலை அள்ளி அள்ளிக் கேனில் ஊற்றிக்கொண்டிருந்தார். அள்ள அள்ள அது விலகிப் படர்ந்தது. சாக்கைப் போட்டு ஒற்றிப் பார்த்தார். அப்போதும் போகவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் அழுததை மறக்காமல், என் ஓட்டக்காரன்களுக்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறார் என்று நினைத்தேன். அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சற்று முன்புதான் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டிருந்தேன். அதே குரலில் சொன்னேன்:

"விடுங்க சித்தப்பா. போனது போயிருச்சு. வேற ஒண்ணு வரும்."

சிரட்டை அவர் கையிலிருந்து நழுவியது. பாறையில் உட்கார்ந்து, ஒயில் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். பூச்சிக்காகவே இப்படி அழுகிறாரே, இந்த ஊரில் யாருக்கு இவ்வளவு நல்ல சித்தப்பா இருக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.