அப்பாவுக்குப் பின்னால் முழங்கால் போட்டவர்

தாமஸ் அண்ணன் போய்விட்டார். காலையில் மாமல்லபுரத்திலிருந்து அவர் மகன் போன் செய்தான். தொண்ணூறைத் தாண்டிய உடம்பு... தூக்கத்திலேயே அடங்கிவிட்டதாம்.

அழுகை வரவில்லை. நன்றாக வாழ்ந்த மனுஷன், மனசு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐம்பதுகளில் அண்ணன் செங்கல்பட்டு ஜங்ஷனில் கூட்ஸ் ரயிலுக்குக் கொடி காட்டும் கார்டு. டியூட்டி முடிந்து, கரி படிந்த யூனிஃபார்மோடு நேராக சர்ச்சுக்கு வந்துவிடுவார். பாடும்போது சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை. ராகத்தை மட்டும் ஆண்டவர் பொறுத்துக்கொண்டார்.

என் அப்பா தொழுநோய் வந்து குணமானவர். இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் வலது கை விரல்கள் மடங்கியது மடங்கியதுதான்.

எங்கள் சபையில் மாதம் ஒருமுறை திருவிருந்து, அதற்கு ஒரே கிண்ணம். எல்லோரும் வரிசையாக முழங்கால் போட்டு, பாஸ்டர் நீட்டும் அதே கிண்ணத்தில் ஒரு வாய் திராட்சை ரசம் குடிப்போம். அப்பா மட்டும் எல்லோரும் எழுந்து போன பிறகு, கடைசியாகப் போவார்.

அப்படிப் போகச் சொல்லி யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. மிச்சத்தைப் பாஸ்டர் குடித்துவிடுவார், அது அவர் ஊழியம்.

ஒரு ஞாயிறு... அப்பா போய் முழங்கால் போட்ட பிறகு, தாமஸ் அண்ணன் மெதுவாக வந்து பக்கத்தில் முழங்கால் போட்டார்.

கிண்ணம் வாய்க்குப் பக்கத்தில் வந்தும் அப்பா குடிக்கவில்லை.

"நீ முன்னாடி குடி நைனா" என்றார் அண்ணனிடம்.

"நான் கார்டு, அண்ணாத்த. எப்பவும் கடைசிப் பொட்டிதான் என்னுது."

பாஸ்டர் கிண்ணத்தோடு நிற்கிறார். பெண்கள் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டால், அப்புறம் சர்ச் பக்கமே வரமாட்டார். அவர் ரோஷம் எனக்குத் தெரியும்.

அப்பா குடித்தார். அண்ணனும் குடித்தார்.

வாசலில் அப்பா அவரை மடக்கினார். "இன்னா, என் மேல பரிதாபமா?"

"சேச்சே."

"பயமா இல்லியா உனக்கு?"

"பயமாத்தான் இருந்துது. கண்ண மூடிக்கினு குடிச்சேன். அடுத்த மாசம் தொறந்துகினு குடிக்கறேன்."

அப்பா சிரித்துவிட்டார். சர்ச் வாசலில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த மாதமும் அண்ணன்தான் கடைசி. அவர் டியூட்டியில் இருந்தால் அவர் மனைவி... பிறகு வேறு யாராவது. கொஞ்ச நாளில், வரிசையில் யார் எங்கே என்று பார்ப்பதையே நான் விட்டுவிட்டேன்.

ரொம்ப வருஷம் கழித்து அண்ணனிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். பெரிதாக ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தால்...

"தகுதி பாத்துக் குடுத்தா அந்த வரிசைல நானே நிக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு, காபி கேட்டார்.

அந்த முதல் ஞாயிறு, வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னார்.

"எனக்கு அப்பால ஒருத்தன் குடிச்சான்மே."

போய் வாருங்கள் தாமஸ் அண்ணா. அப்பாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.