அண்ணனிடமும் இல்லாத சர்க்கரை

பத்தாம் வகுப்புக்கு இரத்த வகைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் கொஞ்சம் அலட்டிக்கொள்வேன். "உங்க டீச்சர் ஓ குரூப்பு. யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்" என்பேன். அந்த அலட்டலெல்லாம் செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனைப் படுக்கையில் தவிடுபொடியானது.

கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் போன உதிரப்போக்கில் உடம்பு வெளுத்துவிட்டது. இரத்தம் ஏற்றினால்தான் ஆபரேஷன், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். என் கணவர் வேன் ஓட்டுகிறவர். ஸ்டாண்டுக்கு ஒரு போன் போட்டார். காலை நாஸ்தா முடிவதற்குள் ஒரு வேன் நிறைய ஓ குரூப் ஆட்கள் வந்து இறங்கினார்கள். "இன்னா டீச்சர், இத்தினி பேரு கீறோம், பயப்படலாமா?" என்று ஒருவர் சட்டைக்கையை மடித்தார்.

ஒருவருடைய இரத்தமும் சேரவில்லை. சோதனைக் குழாயில் என் இரத்தநீர் பட்டதுமே எல்லாம் திரிதிரியாகக் கட்டிக்கொண்டது. இரத்த வங்கி மருத்துவர், என்னைவிட மிகவும் இளைய பெண், வந்து சொன்னார்: "மேடம், நீங்க ஓ இல்ல. பாம்பே குரூப்."

சிவப்பணுவின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் ஒரு சர்க்கரை கூடினால் ஏ, வேறொன்று கூடினால் பி, இரண்டும் இல்லாமல் அடிச்சர்க்கரை மட்டும் நின்றால் ஓ. நானே கரும்பலகையில் போடும் படம்தான். எனக்கு அந்த அடிச்சர்க்கரையே கிடையாதாம். சாதாரணச் சோதனையில் ஓ மாதிரியே தெரியுமாம். ஆனால் ஓ இரத்தத்தை ஏற்றினால் என் உடம்பே அதை அழிக்குமாம். நாற்பத்தாறு வயதுவரை என் சொந்த இரத்தம் என்னவென்று தெரியாமல் பாடம் நடத்தியிருக்கிறேனே!

"அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். அம்மா கட்டிக்கொண்டது தன் தாய்மாமனை. "அப்போ கூடப் பிறந்தவங்க யாராவது இருந்தா உடனே வரச்சொல்லுங்க. அவங்களுக்கும் இதே இருக்கலாம், இல்லாமலும் போகலாம்."

இருப்பது ஒரே அண்ணன். வேடந்தாங்கல் பக்கம் பயிர்வைக்கிறார். நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் மகளைத் தன் மகனுக்குக் கேட்டு, அண்ணியோடு முறையாகத் தாம்பூலத் தட்டு ஏந்தி வந்தவரை உட்காரவைத்து அறிவியல் பாடம் நடத்தினேன். "சொந்தத்துல கட்டினா புள்ளைங்க கொறையோட பொறக்கும்ணா." அண்ணன் எழுந்தார். "நாமளும் அப்பிடிப் பொறந்தவங்கதானே? நமக்கு இன்னா கொறை கீது?" தட்டோடு போனவர் திரும்பவில்லை. சொன்னது தப்பென்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அண்ணி முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

எந்த முகத்தோடு கூப்பிடுவது? கணவர்தான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

காத்திருந்தபோது மருத்துவர் இன்னொன்று சொன்னார். சில வாந்திபேதிக் கிருமிகள் குடலில் இந்தச் சர்க்கரையைப் பிடித்துத்தான் தொற்றுமாம். எங்களைப் போன்றவர்களிடம் அவற்றுக்குப் பிடி கிடைக்காதாம். இந்த இல்லாமை தலைமுறை தலைமுறையாக அழியாமல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். எனக்குச் சட்டென்று முன்பொரு முறை திருவிடந்தையில் நடந்த சொந்தக்காரர் கல்யாணம் நினைவுக்கு வந்தது. மறுநாள் சொந்தபந்தம் மொத்தமும் வாந்தியில் சுருண்டு கிடக்க, நானும் அண்ணனும் மட்டும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். உங்களுக்கு மட்டும் தனிப் பந்தியா என்று வருடக்கணக்கில் கிண்டல் செய்தார்கள். "டாக்டர், என் அண்ணனுக்கும் இதே குரூப்தான் இருக்கும்" என்று கத்தினேன்.

இருந்தது.

அன்று சாயங்காலம், இரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே அண்ணன் என் கட்டிலருகே வந்தார். நான் அழுதேன். மன்னிச்சிடுணா என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"நீ அன்னிக்கி சொன்னது கரெக்டுதான்" என்றார். "நமக்குக் கொறை கீது. டாக்டரம்மா எனக்கும் சொல்லிச்சி." ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நல்ல வேளை, ரெண்டு பேருக்கும் கீது."