தலைக்குக் குளித்த ஏர் ஃபில்டர்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஐயப்பன்தாங்கலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் என் கார் பூச்சரம் கட்டிக்கொண்டு நின்றது. கீழ்வீட்டுப் பெண்ணுக்கு மறுநாள் காலை ஆவடியில் கல்யாணம். பெண் அழைப்புக்கு அவளை மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் மண்டபத்தில் கால் வைத்துவிட வேண்டும் என்று அவள் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

இந்தப் பொறுப்பை யாரும் என் தலையில் கட்டவில்லை, நானே கேட்டு வாங்கினேன். அவள் அப்பா வாடகைக் கார் சொல்லி வைத்திருந்தார். "மேல் வீட்ல நான் ஒருத்தி கார் வெச்சிருக்கேன், நம்ம பொண்ணு வாடகைக் கார்லயா போறது?" என்று சண்டை போட்டு அதை ரத்து செய்ய வைத்தேன். அந்தப் பெருமையில் முதல்நாள் காரைத் தேய்த்துக் கழுவினேன். அதோடு விட்டேனா? பானெட்டைத் திறந்து பார்த்தேன். மெட்ரோ வேலை நடந்த ரோட்டில் ஓடி ஓடி ஏர் ஃபில்டர் கரிச்சட்டி நிறத்துக்கு வந்திருந்தது. மாதாமாதம் வீட்டு ஏ.சி. ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் காட்டுகிற கை சும்மா இருக்குமா? சோப்புத் தூளில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, மொட்டை மாடிக் கொடியில் துணிகளோடு கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். காலையில் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. மாட்டிவிட்டேன். "மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேளேன்" என்றார் என் வீட்டுக்காரர். "வண்டி என்னுது, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றேன். என் வாய் அப்படி!

காட்டுப்பாக்கம் வரை கார் முனகிக்கொண்டே வந்தது. கரையான்சாவடியில் ஆவடி ரோட்டுக்குத் திரும்பியதும் இழுவையே இல்லை. மிதிக்க மிதிக்கத் திணறி, பின்னால் கரும்புகை தள்ளி, ஓரமாக நின்றேவிட்டது. மணி மூன்று நாற்பது. பின்சீட்டில் பட்டும் நகையுமாகக் கல்யாணப் பெண். பக்கத்தில் அவள் அத்தை, "ஐயோ, சகுனமே சரியில்லையே" என்று ஆரம்பித்துவிட்டார். மற்றவர்கள் எல்லாம் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். வாடகைக் காருக்குப் போன் போட்டேன், அது வேறு சவாரிக்குப் போயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது தண்ணீர் கேன் ஏற்றி வந்த லோடு ஆட்டோ ஒன்று பக்கத்தில் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். "இன்னாக்கா, கல்யாணப் பொண்ண வெச்சுகினு நடு ரோட்ல நின்னுகினு கீற?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "அக்கா, ஏர் ஃபில்டர்ல கை வெச்சீங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. "கழுவினேன்மா" என்றேன்.

"தண்ணியிலயா? அக்கா, அது பேப்பர்!"

சொல்லிக்கொண்டே கல்யாணப் பெண் இறங்கிவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள், வளையல்களை முழங்கைக்குத் தள்ளினாள். "பட்டுல கறை படும்டி! உனக்கென்னடி தலையெழுத்து?" என்று அத்தை கத்தக் கத்த, ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைப் பட் பட்டென்று விடுவித்தாள். மேலே காய்ந்திருந்த ஃபில்டர் உள்ளே ஈரத்தில் ஊறி, சாம்பாரில் விழுந்த அப்பளமாக மடிப்பெல்லாம் ஒட்டிக் கிடந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, எண்ண தேச்சி தலைக்கு ஊத்திட்டியா இதுக்கு?"

அழுதுகொண்டிருந்த நானே சிரித்துவிட்டேன். அத்தையும்தான்.

"இது அடைச்சா என்ஜினுக்கு மூச்சே போகாதுக்கா. இன்னிக்கு மட்டும் இது இல்லாம மெதுவா போயிடலாம். இதையே வழக்கமா வெச்சுக்காதீங்க, புழுதி போய் என்ஜினையே தின்னுடும்" என்றபடி வெறும் பெட்டியை மூடினாள்.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம்?"

"எங்க கம்பெனியில இதத்தானேக்கா செய்யறோம்? ஒவ்வொரு ஃபில்டரும் நான் பார்த்து ஓகே சொன்னாதான் வெளியே போகும்."

மண்ணூர்பேட்டைப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனிக்குப் போகிறாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நாலு வருடமாக மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் "எப்பம்மா கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்டிருக்கிறேன். என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

டிரைவர் ஒரு கேனின் மூடியை உடைத்து அவள் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். "நீ பின்னாலயே வாக்கா. நான் ஹாரன் அடிச்சிகினே வழி வாங்கிக் குடுக்கறேன்" என்று முன்னால் போனார். கார் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. தண்ணீர் கேன் வண்டி வழிகாட்ட, நாலு இருபதுக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தோம். "அண்ணா, நாளைக்கு சாப்பிட வந்துடணும்" என்றாள் அவள். அவரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். அதற்குள் அத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அந்தக் கல்யாணத்தில் என் பெயரே 'ஃபில்டர் கழுவின அம்மா'தான்!

மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது மேலே ஏறி வந்து ஒரு தாம்பூலப் பையைக் கையில் கொடுத்தாள். தேங்காய் என்று நினைத்துப் பிரித்தேன். புது ஏர் ஃபில்டர். ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் "குளிப்பாட்டக் கூடாது" என்று எழுதியிருந்தாள்.

இப்போது மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி, மெல்லத் தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் புதிது வாங்கி மாட்டிவிடுகிறேன், தண்ணீர்ப் பக்கமே போவதில்லை. மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறேன். அன்று நடு ரோட்டில் என் மானத்தைக் காப்பாற்றியது, நாலு வருடமாக நான் கேட்காமலே விட்ட அந்தக் கேள்விக்கான பதில்தானே!