நானூறு கிராமுக்காக ஒரு துஆ

சகோதரிகளே, இதை இத்தனை வருடமாக நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். இன்றைக்கும் வெட்கம்தான். ஆனால் அன்று அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை மூடிவைப்பது அதைவிடக் கேவலம் என்று தோன்றுகிறது. அதனால் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். நிக்காஹ் ஆன கையோடு கணவருடன் வளைகுடாவுக்குப் போய்விட்டேன். அவருக்கு அங்கே ஒரு கடையில் வேலை. என் மகன் ஒன்றாம் வகுப்பு படித்த வருடம், நாங்கள் இருந்த நகரத்தில் ஆசிய நாடுகளெல்லாம் கலந்துகொண்ட பெரிய விளையாட்டுப் போட்டி நடந்தது. மொழி தெரிந்த தொண்டர்கள் வேண்டும் என்றார்கள். தமிழ், இந்தி, அரபு மூன்றும் பேசுவேன் என்பதால் என்னைப் பளுதூக்கும் பெண்கள் பக்கம் போட்டார்கள்.

அங்கேதான் மலர்க்கொடியைப் பார்த்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளை. தாயும் தகப்பனும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். இந்தப் போட்டியில் முறையாகத் தூக்கிக் காட்டினால் அரசு வேலை கிடைக்கும் என்று அந்தக் குடும்பமே காத்திருந்தது. அவளுக்குத் தமிழ் தவிர எதுவும் வராது. பயிற்சியாளர் இந்திக்காரர். அவர் சொல்வதை அவளுக்கும், அவள் சொல்வதை அவருக்கும் சொல்வது என் வேலை.

நம்ம ஊர்ப் பிள்ளை என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டிக்கு முந்தின நாள் பயிற்சியாளரிடம் கெஞ்சி, அவளை வீட்டுக்கு அழைத்துப் போனேன். "தின்ன எதுவும் கொடுத்துவிடாதே. அவள் எடை விளிம்பில் நிற்கிறது" என்று சொல்லித்தான் அனுப்பினார். நானும் தலையாட்டினேன். ஆனால் வந்தவர்களைக் கை நனைக்காமல் அனுப்பி நமக்குப் பழக்கம் உண்டா? நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கி வைத்திருந்தேன்.

"வேணாங்க்கா, நாளைக்கு எடை பாப்பாங்க," என்றாள்.

"ஒரு கை சோத்துல என்ன புள்ள ஆயிடப்போவுது? மூஞ்சியப் பாரு, காஞ்ச கருவாடு மாதிரி இருக்கு. உக்காரு."

உட்கார்ந்தாள். ஊர்ச் சாப்பாட்டைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்றோ, கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் போதும் போதும் என்னும்போதே இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். ஊறுகாயும் வைத்தேன். அந்த உப்புக்கு அவள் உடம்பு இரவெல்லாம் தண்ணீர் கேட்டிருக்கிறது. பாவம், குடித்திருக்கிறாள்.

மறுநாள் எடை பார்க்கும் அறைக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. பெண் அதிகாரிகளும், அவளும், நானும்தான். நாற்பத்தெட்டு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. போட்டிருந்ததையெல்லாம் களைந்துவிட்டு அந்தப் பிள்ளை கூனிக்குறுகித் தராசில் ஏறி நின்றாள். நானூறு கிராம் கூடுதல். எடை பார்க்க ஒதுக்கியது ஒரு மணி நேரம். அதற்குள் குறையாவிட்டால் மேடை ஏறவே முடியாது.

வெளியே வந்து சொன்னதும் பயிற்சியாளருக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன தின்றாள், கேள்," என்றார்.

கேட்டேன். என் வாயாலேயே கேட்டேன். "என்னம்மா சாப்புட்டேன்னு கேக்குறாரு."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "தண்ணி நெறயக் குடிச்சிட்டேன்னு சொல்லுங்கக்கா."

அதையும் நான் இந்தியில் சொன்னேன். அவர் திட்டினார். நாக்கை அடக்கத் தெரியாதவள், தாய் தகப்பன் வாயில் மண்ணைப் போட்டவள் என்றெல்லாம் திட்டினார். அவ்வளவையும் அவளுக்குத் தமிழில் நானே சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு விழவேண்டிய திட்டு என் வாயிலிருந்தே அவள் மேல் விழுந்தது. அப்போதே நான் செத்துவிட்டேன்.

அவள் வியர்த்து எடை குறைவதற்காக ரெக்சின் சட்டையை மாட்டிக்கொண்டு நடைபாதையில் ஓட ஆரம்பித்தாள். நான் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு ஒரு மூலையில் போய் நின்றேன். கை எழும்பவில்லை. நானே கெடுத்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் அழுகைதான் வந்தது. "யா அல்லாஹ், கெடுத்தது நான். கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. என் கையால் போட்ட சோறு அந்தப் பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாது" என்று துஆ கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

முகத்தைத் துடைத்ததும் நேரே பயிற்சியாளரிடம் போய், "சோறு போட்டது நான்தான்," என்றேன். அந்தத் தைரியம் என்னுடையதில்லை, சகோதரிகளே. அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "உன்னைத் திட்ட இப்போது நேரமில்லை. அவளோடு இரு," என்றார்.

மறுபடி தராசில் ஏறினாள். இன்னும் நூறு கிராம் மிச்சம். நேரமோ சில நிமிடங்கள்தான். உடம்பில் வியர்க்க இனி ஒன்றுமில்லை. உதடு வெடித்திருந்தது. அவள் தன் பின்னலைப் பிடித்து முன்னால் இழுத்தாள். இடுப்பு வரைக்கும் தொங்கும் முடி, வியர்வையில் ஊறிக் கனத்துக் கிடந்தது.

"அக்கா, கத்திரி கேளுங்க."

"கல்யாணம் ஆவாத புள்ள, உங்கம்மாவுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"

"முடி வளந்துடும்ங்க்கா. கேளுங்க."

அங்கிருந்த அதிகாரியம்மாவுக்கு அரபு மட்டும்தான் தெரியும். நான் கேட்டதும் முதலுதவிப் பெட்டியைத் திறந்து கத்திரியை எடுத்துக் கொடுத்தார். கட்டுத்துணி வெட்டுகிற மொட்டைக் கத்திரி. சோறு போட்ட அதே கையால் பிடரியோடு வெட்டினேன். அந்தக் கத்திரிக்கு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. வெட்டி முடித்ததும் ஓடிப்போய்த் தராசில் நின்றாள். நான் கண்ணைத் திறக்கவில்லை.

"ஃகலாஸ், முடிந்தது," என்றார் அந்த அம்மா. சரியாக நாற்பத்தெட்டு.

மேடையில் அவள் தலையைப் பார்த்துச் சில பேர் சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. முதல் இரண்டு தடவையும் பளு மாட்டிய கம்பி கீழே விழுந்தது. மூன்றாவதும் விழுந்தால் எல்லாம் போச்சு. மூன்றாவது தடவை தலைக்கு மேலே தூக்கி அசையாமல் நின்றாள். நான் இருந்த இடத்திலேயே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன். பதக்கம் கிடைக்கவில்லை, ஆறாவதாக வந்தாள். அதை வைத்துத்தான் அடுத்த வருடம் அவளுக்கு வேலை கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஆசையா போட்டீங்க, நானும் ஆசையா தின்னேன். விடுங்கக்கா," என்றாள். அவள் விட்டுவிட்டாள். என்னால் விட முடியவில்லை.

ஆனால் ஒன்று மாறியது. அதற்கு முன்பெல்லாம் ஏதாவது தப்புச் செய்துவிட்டால் முஸல்லாவை விரிக்கவே கூசுவேன். மனசு சரியாகட்டும், பிறகு தொழுதுகொள்ளலாம் என்று நாள்கணக்கில் தள்ளிப்போடுவேன். இப்போது அப்படி இல்லை. உங்களில் யாருக்காவது உங்கள் கையாலேயே ஒரு காரியம் கெட்டுப்போயிருக்கலாம். கேட்க முகமில்லை என்று ஒதுங்கி நிற்கலாம். ஒதுங்காதீர்கள். வெட்கம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது போகாது. எனக்கு இன்னும் போகவில்லை. அந்த வெட்கத்தோடேயே கையேந்துங்கள்.