மூன்றாவது பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. லைன்மேன் அந்த அறிவிப்பைப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது தட்டு மாமா பின்னால் நின்று இரண்டு தடவை படித்தார்.

"அஞ்சுன்னா அஞ்சுக்குத்தான் வருமா?"

"முதல்ல போகட்டும் சார். அப்புறம் வர்றதைப் பத்திப் பேசலாம்."

"சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துடாதே?"

லைன்மேன் பசை டப்பாவைக் கீழே வைத்தார். "இருபது வருஷமா ஒட்டறேன். சீக்கிரம் வந்துடுமோன்னு பயந்த ஆள் நீங்க ஒருத்தர்தான்."

பயப்படுவது அவருக்குப் புதிதல்ல. முப்பத்திரண்டு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பார். அவர் கைபட்ட எந்த லிப்டும் ஆளோடு விழுந்ததில்லை. ஸ்பானரைவிடப் பயம்தான் தனக்கு உதவியது என்று கூட வேலை செய்தவர்களிடம் சொல்வார். ஓய்வு பெற்ற அன்று ஸ்பானர்களை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். பயத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

மொட்டை மாடியில் அவருடைய எட்டடி டிஷ் நிற்கிறது. மழைத்தண்ணி பிடிக்கவா என்று குடிவந்த புதிதில் கேட்டார்கள். பிறகு பிள்ளைகள் தட்டு மாமா என்றார்கள். பெரியவர்கள் வாயிலும் அதுவே நின்றுவிட்டது.

அந்த டிஷ்ஷுக்கு இதுவரை மூன்று பெட்டிகள் வந்திருக்கின்றன. முதல் பெட்டிக்கு இரு பக்கமும் மரம். குமிழைத் திருகினால் புள்ளிகளுக்குள்ளிருந்து படம் மெல்ல எழுந்து வரும். முதல் நாள் வந்தது, ஏதோ ஒரு நாட்டு ஆள் வெங்காயம் நறுக்குவது. பேச்சு புரியவில்லை. அவரும் அவர் மனைவியும் அந்த ஆள் நறுக்கி முடிக்கும்வரை நின்றபடியே பார்த்தார்கள். இரண்டாவது பெட்டியில் குமிழ் இல்லை, எண்கள். ரிமோட்டை அழுத்தினால் மாடியில் மோட்டார் முனகி டிஷ்ஷைத் திருப்பும். அதைப் பார்க்க மனைவி இல்லை. மூன்றாவது, பழைய சாமான் கடையில் வாங்கிய டிஜிட்டல். படம் வந்தால் கண்ணாடி மாதிரி வரும், இல்லாவிட்டால் கறுப்பு. முதல் பெட்டியில் சிக்னல் குறைந்தாலும் ஆளின் தோளாவது தெரியுமே என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். பழைய இரண்டும் போர்வைக்குள் அலமாரி மேல் இருக்கின்றன.

கட்டிலுக்கடியில் ஒரு நான்காவதும் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மருமகன் அனுப்பிய இன்டர்நெட் பெட்டி, சோப்பு டப்பா அளவு. உறையைப் பிரிக்கவில்லை. அதில் அக்காவின் சானல் வராது.

அக்கா அந்த மருமகனின் அம்மா. கணவர் போனபின் தம்பியோடு இருக்கிறார். மகன் வேலைக்குப் போன ஊரில் ஒரு சின்ன டிவி நிலையம் உண்டு. காட்ட எதுவும் இல்லாத நேரத்தில் அது ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கேமராவை வைத்துவிட்டுப் போய்விடும். அங்கே காலை; இங்கே மதியம் இரண்டிலிருந்து மூன்று. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மகன் அதில் தெரிவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அவன் மேல படற வெயிலைப் பார்த்தா போதும்" என்பார். ஞாயிறு நாலு மணிக்கு மகன் போன் செய்யும்போது, பார்த்ததையெல்லாம் கேட்பார். மணிக்கூண்டுப் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்களே, எப்படிடா நடக்கறே?

மகன் இப்போது அந்த ஊரில் இல்லை. நாலு மாதத்துக்கு முன் வேலை போய்விட்டது. வடக்கே ஒரு குளிர் ஊரில் நண்பன் அறையில் தங்கி, கிடங்கில் மூட்டை தூக்குகிறான். "நல்ல வேலை கிடைச்சதும் நானே சொல்றேன் மாமா. அம்மாவுக்கு ஏற்கனவே நெஞ்சு சரியில்ல" என்றான். மாமா சரி என்றுவிட்டார். அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்குப் படிக்கட்டுக்கு வந்து, பட்டன் போனில், தடித்த விரலால் அடித்து அனுப்புகிறார். வெயில். ரோடு இடது பக்கம் தோண்டி. டிராம் இல்லை. 'சரி மாமா' என்று பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொற்கள் அவன் குரலில் அக்காவுக்குத் திரும்பி வரும்போது பக்கத்தில் இருக்கும் மாமா ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணிச் சரிபார்ப்பார்.

மூன்றாவது பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்து வெகுநாளாகிறது. மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறந்துவிட்டுச் சும்மாவும் இருக்காது. மின்சாரம் வந்ததும் டிஷ்ஷை ஒரு மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடும். மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஆனபோது அந்த ஊரைத் திரும்பக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது. அப்போது முழங்கால் ஏணி ஏறியது; இப்போது ஏறாது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டார். சானலின் எண்களை இரண்டு தாள்களில் எழுதி, ஒன்றைச் சட்டைப்பையிலும் இன்னொன்றைப் பெட்டிக்கடியிலும் வைத்தார். பெட்டியிலிருந்து மோட்டார் வயரைப் பிடுங்கி, அடையாளத்துக்கு நூல் கட்டினார்.

"ஆபரேஷன் தியேட்டர்ல கூட இவ்வளவு ஏற்பாடு இருக்காதுடா" என்றார் அக்கா.

"விளையாடாதேக்கா. ஒரு டிகிரி நகர்ந்தா போச்சு."

ஒன்பது பத்துக்கு மின்விசிறி நின்றது. பத்து மணிக்குப் படிக்கட்டில் நின்று செய்தி அடித்தார். இன்று கரண்ட் இல்லை. படம் இல்லை. அம்மா எதையும் பார்க்கவில்லை. பயமில்லை. அந்தக் கடைசிச் சொல்லை அவர் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. 'சரி மாமா. நிம்மதி' என்று வந்தது.

இரண்டு மணிக்கு அக்கா பழக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். "என்னவோ வீட்டுல ஒரு ஜன்னலை அடைச்ச மாதிரி இருக்கு" என்றார். இரண்டு முப்பத்தைந்துக்கு மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

"பாரு, சீக்கிரமே வந்துடுச்சு. உன் டப்பாவைப் போடு."

"பெட்டி."

"அதைத்தான் சொன்னேன். போடு."

போடாமலிருக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. எண்களை இரண்டு தடவை தப்பாக அடித்தார். மூன்றாவது தடவை சிக்னல் முப்பத்தொன்பது காட்டியது. முப்பத்தெட்டுக்குக் கீழே போனால் கறுப்பு. சதுக்கம் வந்தது. நல்ல வெயில். பெஞ்சில் ஒரு ஆள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால்விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தான்.

மாமா படிக்கட்டுக்கு ஓடினார். படம் வந்துவிட்டது. வெயில் என்று அடித்து, அனுப்பும் பட்டனைத் தேடும்போது உள்ளே அக்காவின் போன் அடித்தது. நாலு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

"சொல்லுடா. என்ன சீக்கிரமே?"

அவர் வாசற்படிக்கு வந்து சேர்ந்தபோது அக்கா வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சும்மாதாம்மா. இன்னிக்கு நிதானமா பேசலாம்னு."

"ஏன் மூக்கடைச்ச மாதிரி பேசறே?"

"பனிம்மா. ரெண்டு நாளா கொட்டுது. காலையில கதவையே திறக்க முடியல. முழங்கால் உசரம்." நாலு மாதமாக அவன் குரலில் இல்லாத ஒரு சரளம் இருந்தது. மனப்பாடம் செய்யாமல் பேசினான்.

அக்கா திரையைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவன் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். அக்கா போனைப் பார்த்தார். மறுபடி திரையை. மாமா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். அவனை எச்சரித்தால் அக்கா காதிலும் விழும்.

"கம்பளி சாக்ஸ் இருக்காடா?"

"ஒண்ணு இருக்கும்மா."

"ஒண்ணுன்னா, ஒரு காலுக்கா?"

அவன் சிரித்தான். அக்காவும் சிரித்தார். சாப்பாட்டைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி இன்னும் பத்து நிமிடம் பேசிவிட்டு வைத்தார். வெயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"தம்பி."

"என்னக்கா."

"இந்தப் பெட்டி என்னிக்கோ பிடிச்சு வெச்ச படத்தைக் காட்டுது போல."

அந்தப் பெட்டியால் எதையும் பிடித்து வைக்க முடியாது. கரண்ட் போனால் தன் சானலையே மறந்துபோகிற பெட்டி. திரையில் அந்த நேரத்துப் புறா ஒன்று, அந்த நேரத்து வெயிலில், பெஞ்சுக்கடியில் எதையோ கொத்தியது. தன் பெட்டிகளை யார் குறை சொன்னாலும் உட்காரவைத்து விளக்குகிற ஆள் அவர். அக்கா திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா" என்றார். "பழசாயிடுச்சு."

"அவன் அனுப்பினது கட்டிலுக்கடியில கிடக்குதே, அதை மாட்டு. மூஞ்சியைப் பார்த்தே பேசலாம்னானே."

"அதுல அந்த ஊர் வராதுக்கா."

"வராட்டி போகுது."

முழங்காலை மெல்ல மடக்கிக் கட்டிலுக்கடியில் தலையை விட்டார். மூஞ்சி வந்தால் பின்னால் சுவர் வரும், ஜன்னல் வரும், நண்பனின் கட்டில் வரும். அவனுக்கு என்ன அடித்து அனுப்புவது என்று யோசித்தபடி உறையை இழுத்தார்.

"சாக்ஸ் ரெண்டு ஜோடி வாங்கி அனுப்பணும்" என்றது அக்காவின் குரல். "விலாசம் எழுதிக் குடு."

மகனின் விலாசம் டிவிக்குப் பக்கத்துச் சுவரில் அக்காவின் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது. போன வருடம் இரண்டு பார்சல் அதைப் பார்த்துத்தான் எழுதினார்.

அவர் உடனே வெளியே வரவில்லை. தூசி மூக்கில் ஏறியது. வந்தபின் தரையில் உட்கார்ந்தபடியே சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து, எண்கள் இல்லாத பக்கத்துக்குத் திருப்பி, வடக்கு ஊரின் விலாசத்தை எழுதினார். மூன்று தடவை சரிபார்த்தார். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்து, நாலாவது தடவையும்.