தெற்குப் பகுதிக்கு ஒரு பேன்ட்

புது யூனிஃபார்மைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து உருவும்போது ஒரு வாசனை வரும். கஞ்சியும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி... சென்னைப் பக்கத்து ஒரகடம் என்றால் எனக்கு முதலில் அந்த வாசனைதான் நினைவுக்கு வரும்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கி, காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். அதுவரை நான் பேன்ட் போட்டதே இல்லை.

ஸ்டோர் ஜன்னலில் இருந்தவர், "இடுப்பு சைஸ் இன்னாம்மா?" என்றார்.

யாருக்குத் தெரியும்? முன்னால் நின்ற பெண் இருபத்தெட்டு என்றாள். நானும் இருபத்தெட்டு என்றேன்.

இருபத்தெட்டு தொடையோடு நின்றுவிட்டது. முப்பத்திரண்டு இன்னும் ஒரு சாண் ஏறியது. முப்பத்து நான்கு எப்படியோ ஏறியது... ஆனால் பின்னால் மூச்சுவிட முடியவில்லை, இடுப்பிலோ ஒரு கை உள்ளே போகிற இடைவெளி. எல்லாம் ஆம்பளை அளவில் தைத்தவை. எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு இடுப்பு வரைக்கும் சிக்கனம், அதற்குக் கீழே தாராளம். பெல்ட் போடவும் அனுமதி இல்லை, பக்கிள் வயரைக் கீறிவிடுமாம். பாவாடை நாடாவை உருவி, பேன்ட்டில் கோர்த்துக் கட்டிக்கொண்டேன்.

லைனில் என் பக்கத்து டேபிள் ஸ்டெல்லா. மண்ணூர்க்காரி, என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளுக்குக் கால் இரண்டும் குச்சி, வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கும். அவள் பேன்ட் எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

"உனக்குப் பின்னாடி வெச்சான், எனக்கு முன்னாடி வெச்சான். நம்ம ரெண்டு பேரையும் கலந்து பிரிச்சிருந்தா, ரெண்டு நல்ல பொண்ணு கெடச்சிருக்கும்" என்பாள்.

ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் எல்லோரும் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்ய வேண்டும். நான் குள்ளம், அதனால் முதல் வரிசை. இரண்டாவது வாரம் ஒருநாள், குனிந்து கால் கட்டைவிரலைத் தொட வேண்டிய கட்டம். ஒன்று... இரண்டு... மூன்றில் சத்தம் கேட்டது.

நான் நிமிரவே இல்லை.

சூப்பர்வைசர் எட்டு வரைக்கும் எண்ணிவிட்டு, "இன்னாம்மா, முடிஞ்சிருச்சி, எய்ந்திரு" என்றார். எப்படி எழுவேன்? எனக்குப் பின்னால் நாற்பது பேர்.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்து என் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். "மெதுவா நட... நான் உன் பின்னாடியே வர்றேன்." இரண்டு பெட்டி கோர்த்த ரயில் மாதிரி ரெஸ்ட் ரூம் வரைக்கும் போனோம். கிழிசலை ஒட்டக் கையில் கிடைத்த டேப்பை ஒட்டிவிட்டாள். தப்பாகக் கட்டிய வயரைத் திருத்துகிற ரீவொர்க் டேபிளில் இருந்த சிவப்பு டேப். சாயங்காலம் வரை என் பின்னால் 'ரீவொர்க்' என்ற எழுத்தோடு வேலை பார்த்தேன்.

சிரிக்கிறீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. மறுநாளிலிருந்து கேன்டீனில் சோற்றைத் தொடவில்லை. நான்காம் நாள் மதியம் பசியில் கட்டிய வயரெல்லாம் கோணல். இன்னொரு கோணல் வந்தால் டிரெய்னிங்கோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார் சூப்பர்வைசர்.

"ஏன்டி துன்ன மாட்ற?" என்று ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள்.

"பேன்ட் பத்தலைல்லா... மெலிஞ்சிட்டா சரியாப் போவும்."

"துணி பத்தலன்னா துணியைத்தான் மாத்தணும். ஆளைப் போட்டு எழைக்கிறியே, நீ இன்னா மரக்கட்டையா?"

தன் தட்டிலிருந்த சோற்றைப் பாதி எனக்குத் தள்ளினாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் லைனில் இருந்த மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு, மொத்தம் பதினோரு பேராக எச்.ஆர். ரூமுக்குப் போனாள். அங்கே புதிதாக வந்த இளைஞர் எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் மிரண்டு, "எதுவானாலும் எழுதிக் குடுங்க" என்றார்.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பேனா என் கைக்கு வந்தது. எழுத உட்கார்ந்தேன். அந்த இடத்தை லெட்டரில் என்னவென்று எழுதுவது?

"தெற்குப் பகுதின்னு போடு. நீதான் தெக்கத்திக்காரியாச்சே" என்றாள் ஸ்டெல்லா.

போட்டேன். 'ஐயா, தெற்குப் பகுதியில் போதிய இடம் இல்லாமல் நாங்கள் மிகவும் அவதிப்படுகிறோம். குனியும்போது விபத்து நேரிடுகிறது.' வெட்கத்தில் பேன்ட் என்ற சொல்லையே நான் எழுதவில்லை.

அவர் இரண்டு முறை படித்தார். முகம் சீரியஸ் ஆகிவிட்டது. "சவுத் பிளாக்லயா? விபத்துன்னா எழுதியிருக்கீங்க? இப்பவே மெயின்டனன்ஸ்காரங்களை அனுப்புறேன்" என்று போனை எடுத்தார்.

ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து அப்படியே திருப்பி நிறுத்தினாள்.

"இதான் சார் சவுத் பிளாக்."

சிவப்பு டேப் அன்றும் இருந்தது. மாற்று பேன்ட்டும் அதே இடத்தில் கிழிந்திருந்தது. அவர் போனைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை... ஆனால் அடுத்த வாரமே தண்டலத்திலிருந்து ஒரு டெய்லரம்மா இஞ்ச் டேப்போடு வந்து இறங்கினார். பதினோரு பேருக்கும் தனித்தனியாக அளவெடுத்து, இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தார். முதல்முறை நான் எட்டு வரைக்கும் குனிந்து நிமிர்ந்தபோது ஸ்டெல்லா பின்வரிசையிலிருந்து கைதட்டிவிட்டாள்.

இப்போது நான் வல்லம் வடகாலில் வேறொரு கம்பெனியில் லைன் லீடர். பெண்களுக்கென்று தனி சைஸ், இழுத்தால் நீளும் துணி, போனில் சைஸைத் தட்டினால் பெயர் ஒட்டிய கவரில் வந்துவிடும். யாரும் யாருடைய முதுகோடும் ஒட்டி நடக்க வேண்டியதில்லை. இரண்டு பிள்ளை பெற்றதில் எனக்கும் எடை முன்பக்கம் வந்துவிட்டது. லைனில் இருக்கிற சின்னப் பெண்கள் டயட் என்று சொல்லி மதியச் சோற்றை மூடி வைக்கும்போது, எதிரில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நகர மாட்டேன்.

போன வாரம் பழைய குரூப் போட்டோ ஒன்று கிடைத்தது. பதினோரு பேரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம். எவ்வளவு நேரம் பார்த்தும், நான்தான் என்று நினைத்து அழுத அந்தக் குண்டுப் பெண் அதில் இல்லை. ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜில் அவள் குரல் வந்தது.

"ஏ... அப்பவே சூப்பராத்தான் இருந்துகீறோம்டி. ஒருத்தராச்சும் சொன்னாங்களா பாரு!"